இறங்குவதற்கும் ஒரு முறை

ஏறுவதற்கு முறை உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். பஸ் வண்டியில் ஏற வரிசை உண்டு. புகையிரதத்தில் ஏறப் பயணச்சீட்டு உண்டு. ஆகாய விமானத்தில் ஏறுவதற்கோ வரிசைக்கு மேல் வரிசையும் சோதனைக்கு மேல் சோதனையும் உண்டு. ஆனால், இறங்குவதற்கு முறை உண்டா என்று கேட்டால், "இடம் வந்தால் இறங்க வேண்டியதுதானே, அதற்கென்ன முறை?" என்று சிரிப்பவரே பலர். சென்ற ஆண்டு வரை நாமும் அவ்வாறு சிரித்தவர்களுள் ஒருவராகவே இருந்தோம். மாணவர்க்குத் தமிழும் நல்லொழுக்கமும் போதித்து இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு, இறங்கும் முறையை எம்மிடம் படித்த மாணவி ஒருத்தியே போதிக்க நேர்ந்தது. அக்கதை எமக்குப் பெருமை தருவதன்று. எனினும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடும்பத்தோடு கூடியிருந்து இப்பக்கத்தைப் படிக்கும் அன்பர்க்கும், நாளை விமானம் ஏறப் போகும் இளைஞர்க்கும் அது பயன்படக்கூடும் என்று எண்ணிச் சொல்லத் துணிகின்றோம்.

விமானத்தைப் பற்றிச் சொல்லுமுன் எமது வாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில், அந்த மாணவி எமக்குப் புகட்டிய பாடம் வாவிக்கரையிலே பிறந்தது.

மட்டக்களப்பு வாவி வடக்கிலிருந்து தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. ஞாயிறு எழும் பக்கத்திலே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே அமைந்த கரை எழுவான்கரை; ஞாயிறு படும் பக்கத்திலே, வயலும் குளமுமாக விரிந்து செல்லும் கரை படுவான்கரை. இரு கரைகளிலும் உற்றாரும் உறவினரும் வாழ்கின்றனர். கொண்டும் கொடுத்தும் இருப்பவர்க்கு இக்கரைக்கும் அக்கரைக்கும் போகாமல் முடியுமா? அதனாலன்றோ அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்று ஊர்ப்பெயரிலேயே துறையைச் சேர்த்து வைத்தனர் எமது முன்னோர்.

சில இடங்களில் இன்று பாலங்கள் வந்துவிட்டன. மண்முனையிலே 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. பாலம் இல்லாத இடங்களில் மக்களைக் கரை சேர்த்து வந்தது 'பாதை'. பிறவூரார் பாதை என்றதும் தெருவையே நினைப்பர். எமது பகுதியிலோ அது நீரின்மேல் மிதந்து செல்லும் ஒரு தளம். மனிதரையும் துவிச்சக்கர வண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல்மூடைகளையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் வாகனம். குருமண்வெளித் துறைக்கும் மண்டூர்த் துறைக்கும் இடையே மக்கள் நெடுங்காலமாகப் பாதையிலேயே போய் வந்துள்ளனர். மண்டூர் முருகன் கோயில் உற்சவம் வந்துவிட்டால் அத்துறையில் கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது.

அந்தப் பாதையிலே இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. எவரும் எழுதி வைத்த சட்டமன்று அது. பாதை துறையை அணைய வேண்டும். கயிறு கட்டப்பட வேண்டும். ஆட்டம் அடங்க வேண்டும். அதன் பின்னர், துறைக்கு அண்மையில் நிற்பவர் முதலில் இறங்குவர். அடுத்து நிற்பவர் அடுத்து இறங்குவர். பின்னால் நிற்பவர் முன்னால் ஓடுவதில்லை. ஓடினால் பாரமெல்லாம் ஒரு பக்கம் சேரும், பாதை சரியும். நீருக்குக் கல்வியும் தெரியாது, பதவியும் தெரியாது, பாரம் ஒன்றுதான் தெரியும். நீர்வழிப் பிரயாணம் எத்துணை அவதானம் வேண்டுவது என்பதை, 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியிலே பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த துயரம் நமக்கெல்லாம் நினைவூட்டிச் சென்றது.

சிறுபராயத்திலே நாம் ஒருமுறை இம்முறையை மீறினோம். எமக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தந்தையாரோடு தோணியிலே அக்கரை சென்றபோது, தோணி துறையைத் தொடுமுன்னரே கரைக்குப் பாய்ந்துவிட்டோம். நாம் முன்னே பாய்ந்த வேகத்தில் தோணி பின்னே தள்ளப்பட்டது. எழுந்து நின்ற மூதாட்டி ஒருவர் தடுமாறி, இடுப்பிலிருந்த கூடையை நீரிலே தவறவிட்டார். கூடையை எடுத்தாயிற்று, அதிலிருந்த அவலும் சர்க்கரையும் போயின. தந்தையார் எம்மை அடிக்கவில்லை. "நீ இறங்கிவிட்டாய், தோணி இன்னும் இறங்கவில்லையே!" என்று மட்டும் சொன்னார். அவ்வார்த்தையின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

'ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி. ஆறு கடந்தபின் நீ யார், நான் யார்' என்று ஒரு பழமொழி உண்டு. பிரயாணத்தின் நடுவிலே ஒருவர்க்கொருவர் உறவினராக இருப்பவர் கரை கண்டதும் அந்நியராகிவிடுகின்றனர். தோணியிலே கண்ட அந்தக் குணத்தை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, வானத்திலிருந்து இறங்கும்போதும் நாம் உடன்கொண்டு சென்றோம் என்பதே இனிச் சொல்லப்போகும் கதை.

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையின்போது, வளைகுடா நாடொன்றில் தொழில்புரியும் எமது மைத்துனர் எம்மையும் துணைவியாரையும் அங்கே அழைத்திருந்தார். இரு வாரம் தங்கியிருந்து, கட்டுநாயக்கா நோக்கித் திரும்பினோம். நடுவே ஒரே நடைவழியும், அதன் இருபுறமும் மும்மூன்று ஆசனங்களும் கொண்ட விமானம் அது. எமக்குக் கிடைத்தவை இருபத்துநான்காம் வரிசையில் இரண்டு ஆசனங்கள். எமது தலைக்கு மேலிருந்த பெட்டகம் நிறைந்துவிட்டமையால், கைப்பெட்டியைப் பதினெட்டாம் வரிசைக்கு மேலே வைத்திருந்தோம். வரப்போகும் வினைக்கு வித்து அதுவே.

சக்கரம் நிலத்தைத் தொட்டது. விமானம் ஓடுபாதையிலே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசனப் பட்டிகளைக் கழற்றும் ஓசை படபடவென்று எழுந்தது. "அமர்ந்திருங்கள்" என்று பணிப்பெண் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அறிவிப்பு முடிவதற்குள் பத்துப்பேர் எழுந்துவிட்டனர். விமானம் நின்றதும் நிற்காததுமாக நாமும் எழுந்தோம். "எங்க ஓடுறீங்க? எல்லாரையும் இறக்கித்தானே விடப்போறாங்க!" என்றார் துணைவியார். "பெட்டியை எடுக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே, எழ முயன்றவர்களை விலக்கி ஆறு வரிசைகள் முன்னேறிவிட்டோம். பெட்டகத்தைத் திறந்து பெட்டியை இழுத்தோம். அது எதிர்பார்த்ததை விட வேகமாக வந்து, அவ்வரிசையின் ஓர ஆசனத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த பெண்ணின் தோளிலே இடித்தது. அவள் ஒன்றும் பேசாமல் மீண்டும் அமர்ந்துவிட்டாள். நாமும் ஒன்றும் பேசவில்லை. பேசினோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால், உண்மை அதுவன்று. பெட்டியை முன்னே பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும் திசையையே நோக்கி நின்றோம்.

கதவு திறந்தது. முந்தினோம், நடந்தோம், குடிவரவு மண்டபத்தை அடைந்தோம். அங்கே சென்றபின்னரே எமது கடவுச்சீட்டும் துணைவியாரின் கைப்பையிலேயே இருக்கின்றது என்பது நினைவுக்கு வந்தது! அவசரத்தின் அறிவு அவ்வளவுதான். கையிலே பெட்டி இருந்தது, கடவுச்சீட்டு இல்லை. எம்மோடு வந்த விமானத்தார் அனைவரும் எம்மைக் கடந்து செல்ல, ஒரு தூணோரம் கால்மணி நேரம் நின்றோம். எல்லோர்க்கும் இறுதியாக வந்தார் துணைவியார். அவர் தனியே வரவில்லை. தோளிலே எமது பெட்டி இடித்த அந்தப் பெண்ணும் அவரோடு பேசிக்கொண்டு வந்தாள்.

பொதிகள் சுழன்று வரும் பட்டியின் அருகே நிற்கும்போது அவள் எம்மைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"சேர், என்னத் தெரியல்லையா? நீங்க எங்களுக்குத் தமிழ் படிப்பிச்ச நீங்க."

உற்றுப் பார்த்தோம். படுவான்கரையிலிருந்து நாள்தோறும் துறை கடந்து வந்து, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, கேட்டாலன்றிப் பேசாத சிறுமி ஒருத்தியின் முகம் அந்த முகத்திற்குள்ளே தெரிந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "ஏன் பிள்ளை இவ்வளவு நேரம் இறங்காமல் இருந்தாய்?" என்று கேட்டோம்.

"எல்லாரும் போகட்டும் எண்டு இருந்தன் சேர். நம்மட பாதையில எண்டா இப்பிடி முந்தி இறங்க ஏலாதே. ஒரு பக்கம் சரிஞ்சிரும்."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்ன வார்த்தையன்று அது. குழந்தை போலச் சொன்னாள். அவ்வளவில் அவளுடைய பொதி வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு, "அம்மாவ ஆசுப்பத்திரியில வச்சிருக்கு சேர். வெளியில வான் நிக்குது, போயிட்டு வாறன்" என்று விடைபெற்று, ஓட்டமும் நடையுமாகச் சென்றாள். எமது பொதி அதன் பின்னரும் நெடுநேரம் வரவில்லை.

மீதியைத் துணைவியார் சொன்னார். எமது பெட்டி இடித்ததும் அமர்ந்தவளை, எமக்குப் பின்னே வந்த ஒருவரும் எழவிடவில்லையாம். வரிசை ஒருமுறை உடைந்துவிட்டால் அதன்பின் அவரவர் கால்தானே வழி! கடைசியாக வந்த துணைவியார் நின்று அவளுக்கு இடம்விட்டு, அவளுடைய பையையும் இறக்கிக் கொடுத்திருக்கின்றார். நான்கு ஆண்டுகள் பிறர் வீட்டிலே வேலை செய்து, தாயாரின் நோய் கேட்டு, ஒரு மாத விடுமுறை வாங்கி வந்தவள் அவள். அந்த விமானத்திலே மெய்யாகவே விரைந்து இறங்க வேண்டியவர் ஒருவர் இருந்தார் என்றால், அவள்தான். அவளோ காத்திருந்தாள். எவ்வித அவசரமும் இல்லாத நாம் முந்திச் சென்று தூணோரம் நின்றோம்.

ஊர் திரும்பிய இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. தாளை எடுத்து ஒரு கணக்குப் போட்டோம். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் நடைவழியிலே நகர ஐந்து விநாடி ஆகுமென்று வைத்துக்கொள்வோம். ஆறு வரிசைகளை முந்தினால் முப்பத்தாறு பேரை முந்தியதாகும். ஆகவே, நாம் ஈட்டிய இலாபம் நூற்றெண்பது விநாடி. அதாவது மூன்று நிமிடம். விமானத்திலே முப்பது வரிசைகள் எனக் கொண்டால், பதினெட்டாம் வரிசைக்குப் பின்னே பன்னிரண்டு வரிசைகள், எழுபத்திரண்டு பேர். அவர்கள் அனைவரும் கடக்கும்வரை அமர்ந்திருந்தவள் இழந்தது ஆறு நிமிடம். நாம் ஈட்டிய மூன்றையும் தூணோரம் தொலைத்தோம். அவள் இழந்த ஆறையும் நோயுற்ற தாயின் அருகிலிருந்து பறித்தோம். எவர் முந்தினாலும் விமானம் காலியாகும் நேரம் ஒரு விநாடியும் குறைவதில்லை. ஒருவர் முந்தினால் மற்றொருவர் பிந்துகின்றார், அவ்வளவே. பிறருடைய நேரத்தை எடுத்து எமது சட்டைப்பையிலே போட்டுக்கொள்வதற்கு நல்ல தமிழில் என்ன பெயர் என்பதை மாணவ அன்பர்களே சொல்லட்டும்.

இனி, நம்மவர் ஏன் இவ்வாறு முந்துகின்றனர் என்பதையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தோம். பழக்கம் என்று சொல்லிவிடலாம். 1928 ஆம் ஆண்டு முதல் புகையிரதம் கண்ட ஊர் மட்டக்களப்பு. கொழும்பிலிருந்து வரும் புகையிரதத்திற்கு அதுவே கடைசி நிலையம். அதற்கப்பால் தண்டவாளமே இல்லை. அங்கேயும் வண்டி நிற்குமுன் வாசலில் நெருக்குகின்றோமே, ஏன்?

எமக்குத் தோன்றிய விடை இது. நமது தலைமுறை வரிசை அறியாத தலைமுறையன்று. வரிசையால் வெந்த தலைமுறை. போர்க்காலத்திலே சோதனைச் சாவடிதோறும் இறங்கி, அடையாள அட்டையைக் கையிலே பிடித்துக்கொண்டு நின்றோம். நிவாரணத்திற்கு நின்றோம். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக நின்றோம். பிந்தியவனுக்குப் பொருள் இல்லை என்பதை வயிற்றாலே படித்தவர் நாம். அச்சத்தினாலே நின்ற வரிசைகள் நமக்கு முந்தவே கற்றுக்கொடுத்தன. ஆனால், விமானத்திலே தீர்ந்துபோகும் பண்டம் எது? தரை முடிந்துவிடுமா? ஊர் விற்றுத் தீர்ந்துவிடுமா? பிந்தி இறங்குபவர்க்கும் அதே கட்டுநாயக்காதான்; அதே மட்டக்களப்புதான். அச்சத்தால் நிற்பது வரிசை; அடுத்தவர்க்காக நிற்பது முறை. முன்னதை நன்கு கற்றுவிட்டோம். பின்னதை நமது துறைகளிலே எழுத்தறியாத முதியோரும் அறிந்திருந்தனர். படித்த நாம்தாம் மறந்துவிட்டோம்.

விமானத்திலே பாதையைப் போலச் சரிவு இல்லையே, முந்தினால் உயிருக்கு என்ன கேடு என்று சிலர் வினவலாம். சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே வேறுபாடு. நடைவழியின் அகலம் சுமார் 50 சென்ரிமீற்றர். ஓர் ஆள் செல்லும் அளவு. பெட்டியோடு ஒருவர் அங்கே நின்றுவிட்டால், அவர் பின்னே உள்ளவர் அனைவர்க்கும் அவரே கதவு. இதனாலேயே, நாற்பத்துநான்கு ஆசனங்களுக்கு மேற்பட்ட விமானம் ஒன்றுக்கு அனுமதி வழங்குமுன், அதன் வாயில்களிற் பாதியை மட்டும் திறந்து, உள்ளேயிருக்கும் அனைவரும் தொண்ணூறு விநாடியில் வெளியேற முடியுமா என்று பரீட்சிக்கின்றனர். அப்பரீட்சையிலே ஒருவர் கையிலும் பெட்டி இராது. மெய்யான ஆபத்திலோ நம்மவர் கை முதலிற் செல்வது பெட்டியை நோக்கித்தான்.

2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆந் திகதி, திருவனந்தபுரத்திலிருந்து டுபாய் சென்ற விமானம் தரையிலே மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த முந்நூறு பேரும் உயிர் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார். புகை சூழ்ந்த அவ்வேளையிலும் சிலர் மேலேயிருந்த பைகளை எடுக்க முனைந்தனர் என்பதை உலகம் பார்த்தது. அவர்களைப் பழிப்பது எளிது. பாலைநிலத்து உழைப்பெல்லாம் அந்தப் பைக்குள்ளே இருந்திருக்கலாம். ஆயினும், பின்னே நின்றவர் உயிரும் அந்தப் பைக்குப் பின்னே நின்றது அன்றோ? 2024 ஆம் ஆண்டு சனவரி 2 ஆந் திகதி, யப்பானிலே, டோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் ஒன்று, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தோடு மோதி எரிந்தது. சிறிய விமானத்திலிருந்த அறுவருள் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். எட்டு வாயில்களுள் மூன்றே பயன்பட்டன, ஒலிபெருக்கியும் செயலிழந்தது. அந்நிலையிலும், பொதிகளை விட்டுவிட்டு, பணியாளர் காட்டிய வழியே அவர்கள் சென்றனர். அமைதியான நாளிலே முறையாக இறங்கப் பழகியவர்க்கே ஆபத்து நாளிலும் முறை கைவரும். நெருப்பு வந்தபின் ஒழுக்கம் படிக்க நேரம் ஏது?

இம்முறையைச் சட்டத்தாலே புகட்ட முற்பட்ட நாடும் உண்டு. 2025 ஆம் ஆண்டிலே துருக்கி நாட்டு அதிகாரிகள், விமானம் நிற்குமுன் எழுந்து நடைவழியில் நெருக்கும் பிரயாணிகளுக்குத் தண்டம் விதிக்க ஏற்பாடு செய்தனர். தண்டத்திற்கு அஞ்சி அமர்வதும் ஒருவகையிலே நன்மைதான். ஆயின், எமது வாவித் துறையிலே தண்டம் வாங்க எவரும் நிற்கவில்லை. அங்கே முறை மட்டும் நின்றது.

பயன்படுமென்று எண்ணிச் சிலவற்றைக் கூறுகின்றோம். விமானம் முற்றாக நின்று, பட்டி அணியுமாறு காட்டும் விளக்கு அணையும்வரை எழுதல் கூடாது; ஓடிக்கொண்டிருக்கும் விமானம் திடீரென்று நிறுத்தப்படலாம்; நிற்பவர் விழுவர்; திறந்த பெட்டகத்திலிருந்து பெட்டியும் விழும். முன்வரிசையார் வெளியேறிய பின்னரே நமது வரிசை. நமது பெட்டி முன்னே இருக்குமாயின், அவ்வரிசையாரிடம் சொல்லி எடுத்துத் தரக் கேட்கலாம். பின்னே இருக்குமாயின், கூட்டம் கழியும்வரை பொறுத்திருக்க வேண்டும். எதிர்த்து நடத்தல் ஆகாது. உயரமானவர், கைக்கு எட்டாத முதியவர்க்கும் குழந்தையோடு வரும் தாய்க்கும் பெட்டியை இறக்கிக் கொடுத்தல் அழகு. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், நோயாளரைக் காணச் செல்பவர் முதலியோர், "எனக்கு அவசரம், வழிவிடுவீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்டவர்க்கு மனமுவந்து வழிவிட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுபவரும் உண்டு. ஆதலால், தோளால் இடித்து முன்னேறுபவனுக்கு மட்டுமே அவசரம் உண்டென்று எண்ணிவிடாமல், பேசாமல் அமர்ந்திருப்பவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். மெய்யான அவசரம் பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா? நான்கு மணி நேரம் வானத்திலே பொறுத்தவர்க்கு நான்கு நிமிடம் தரையிலே பொறுத்தல் அரிதன்று.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், மாணவர்க்கு இக்கதையைச் சொன்னோம். எமது பிழையை மறைக்காமலே சொன்னோம். மணி அடித்ததும் வாசலிலே முட்டிமோதும் அவர்களை இத்தனை ஆண்டுகள் கண்டித்தவர் நாமாகையால், சிலர் உள்ளூர மகிழ்ந்திருக்கவும் கூடும். கதை முடிந்ததும் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான்.

"அப்ப, அந்த அக்காட்ட மன்னிப்புக் கேட்டீங்களா சேர்?"

வகுப்பு அமைதியாயிற்று. கேட்கவில்லை என்பதே விடை. எமது அவசரத்தைக் கணக்கிட்டோம். துருக்கியையும் யப்பானையும் எண்ணினோம். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டிருந்தோம். "இல்லை" என்றோம். "கேளுங்க சேர்" என்று சொல்லிவிட்டு அவன் அமர்ந்தான்.

கேட்பதற்கென்றே ஒரு நாளைக் குறித்தோம், நாள்கள் தள்ளிப்போயின. இறங்குவதற்கு விரைந்த எமது கால், மன்னிப்புக் கேட்க விரையவில்லை. ஆவணியிலே மண்டூர் உற்சவம் தொடங்கியபின்னரே, துணைவியாரோடு குருமண்வெளித் துறைக்குச் சென்று பாதை ஏறினோம். அக்கரை நெருங்கியபோது கூட்டத்திலே ஒருவரும் அசையவில்லை. பாதை துறையை அணைந்தது, கயிறு விழுந்தது, ஆட்டம் அடங்கியது. முன்னே நின்றவர் இறங்கினர். பின்னே நின்ற நாம் பின்னே இறங்கினோம். தந்தையார் அன்று சொன்ன வார்த்தையின் பொருள் அத்துறையிலே விளங்கியது. கடைசி ஆள் கரையிலே கால்வைக்கும்வரை எவர் பிரயாணமும் முடிந்ததன்று.

விசாரித்து அவளுடைய வீட்டைக் கண்டுபிடித்தோம். நோய் தேறிய தாயார் திண்ணையிலே அமர்ந்திருந்தார். மகள் விடுமுறை முடிந்து வைகாசியிலேயே திரும்பிப் போய்விட்டாளாம். இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்தே வருவாளாம். நாம் இன்னார் என்று சொன்னதும் அத்தாயின் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அந்தச் சேர்? பிளேனுக்க நம்மட சேரக் கண்டனான் எண்டு எவ்வளவு சந்தோசமாச் சொன்னவ!"

அவள் சொன்னது அவ்வளவுதான். தோளைப் பற்றி வீட்டிலே அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாய் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்ல வாய்வராமல் எழுந்தோம். பாதையிலே திரும்பும்போது துணைவியார் எம்மோடு ஒன்றும் பேசவில்லை.

ஆதலால், அன்பர்களே, அவளிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் வேண்டுகோளாக வைக்கின்றோம். இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு நாள், அவளோ அவளைப் போன்ற ஒருத்தியோ, கையிலே சிறு பையும் மனத்திலே ஒரு வீடுமாகக் கட்டுநாயக்காவில் வந்து இறங்குவாள். அவ்விமானத்தின் நடைவழியிலே அவளுக்குப் பின்னே நிற்பவர் நீங்களாக இருத்தல் கூடும். அவள் எழுவதைக் கண்டால் சற்று நில்லுங்கள். எட்டவில்லை என்றால் அவளுடைய பையை இறக்கிக் கொடுங்கள். அவள் இறங்கிய பின்னர் நீங்கள் இறங்குங்கள்.